பட்டன் அளவு வட்டம்

செப்டம்பர் 5

இந்த அளவு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். முன்பக்கம் முழுக்க ஊர்ப் பெண்களின் மார்பளவும் கைநீளமும். "சைட்ல தெனமும் என்ன வேலை நடந்துச்சின்னு தேதி போட்டு எழுதி வையி உலகு, வரும்போது பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார் என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி. நாக்பூர் லோடு. திரும்ப எப்படியும் பத்து நாளாகும்.

இன்று நடந்த வேலை: அஸ்திவாரம் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. பரமசிவன் கொத்தனார் தெருப்பக்க அறையில் நாலு அங்குலப் பைப் பதித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது என் கடைல்லா? தையல் கடைக்குள்ள எதுக்குக் கக்கூஸ் பைப்பு?"

"கடையா? பிளான்ல பெட்ரூம்னுல்லா தாயி போட்டிருக்கு. கூடவே பெரிய பாத்ரூமு."

எனக்குத் திக்கென்றது. பத்தொன்பது வருஷம் வாடகை வீட்டில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மிஷினைப் போட்டுத் தைத்தவள் நான். ஜூன் மாதம் பிளான் வந்தபோது இவர்தான் விரலை வைத்துக் காட்டினார். "இது ஒனக்கு. தெருவப் பாத்து ஷட்டரு. மேல போர்டு மாட்டிக்கிடலாம்." உலகு டெய்லர்ஸ் என்று மனதுக்குள் எழுத்துக்கூட எழுதி முடித்துவிட்டேன்.

போனைப் போட்டேன். "பிளான கொஞ்சம் மாத்திருக்கேன்ளா. வந்து சொல்லுதேன். ரோட்ல நிக்கேன்" என்றார். எந்த ரோட்டில்தான் இவர் நிற்கவில்லை?

திரும்பும்போது செங்கல் தடுக்கியது. செங்கலைப் போடுவதற்கு ஓர் இடம் வேண்டாமா இவர்களுக்கு?

செப்டம்பர் 6

கொத்தனாரிடமிருந்து பிளானை வாங்கி வந்து கட்டிங் டேபிளில் விரித்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். கோடு, கோடு, கோடு. கால் வட்டங்கள். அம்பு. பக்கத்து வீட்டு சாந்தா எட்டிப் பார்த்து, "அக்கா, தலைகீழால்லா வச்சிருக்கிய" என்று சிரித்தாள். எழுத்து தலைகீழாக இருப்பதைக் கூடக் கவனிக்கவில்லை என்றால் என் கோபம் எந்த அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஜாக்கெட் கொக்கி மட்டும் பாக்கி.

செப்டம்பர் 9

இஞ்சினியர் பெண் ஜெபராணி சைட்டுக்கு வந்திருந்தாள். என் மகள் முத்தரசியைவிட ஆறேழு வயது கூட இருக்கும். சிமெண்ட் மூட்டை மேல் பிளானை விரித்து, "எனக்கு இத வாசிக்கச் சொல்லிக்குடு" என்றேன். திகைத்துப் போனாள்.

"அக்கா, கொத்தனாரு பாத்துக்கிடுவாரே."

"துணி என்னோடது, வெட்டுறதுக்கு முன்னாடி நான் பாக்க வேண்டாமா?"

அப்புறம் சொன்னாள். வீட்டை ஜன்னல் உயரத்தில் கத்தியால் அறுத்து, மேல்பாதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலேயிருந்து பார்த்தால் தெரிவதுதான் பிளானாம். தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். நம் டேப்பின் பின்பக்கம் போதும். கனத்த கோடு முக்காலடிச் சுவர், மெலிந்தது அரைச் சுவர். கால் வட்டம் கதவு. எந்தப் பக்கம் திறக்கும் என்று அந்த வளைவு சொல்லும். D என்றால் கதவு, W ஜன்னல். ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் ஒவ்வொன்றின் அகலம் உயரம். புள்ளிக்கோடு என்றால் தலைக்கு மேலே இருப்பது, பரண் மாதிரி.

அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. பேப்பர் கட்டிங் போடத் தெரிந்தவளுக்கு இதென்ன பெரிய வித்தை? முன்துண்டு, பின்துண்டு, கை. இங்கே ஹால், ரூம், அடுப்படி. அவ்வளவுதான்.

பெட்ரூமுக்குள் ஒரு புள்ளிக்கோட்டு வட்டம். பாத்ரூமுக்குள் அதே அளவில் இன்னொன்று. டேப்பை வைத்தேன்: ஒன்றரை சென்டிமீட்டர். குளிர்காலக் கோட்டுக்குத் தைக்கிற பட்டன் அளவு. அப்படியென்றால் தரையில் ஐந்தடி.

"இது என்ன ஜெபா?"

அவள் பேனாவை மூடினாள். திறந்தாள். "அது… அண்ணன்தான் போடச் சொன்னாங்கக்கா. அவங்கட்டயே கேட்டுக்கிடுங்களேன்."

"கடைய எடுக்கச் சொன்னதும் அவியதானா?"

"ஆமாக்கா" என்றாள், காலடியில் கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டு.

கொத்தனாரைக் கேட்டால், "உறை இறக்கச் சொல்லுதாங்களோ என்னமோ" என்கிறார். படுக்கையறைக்குள் உறைகிணறு வெட்டுவார்களா, பாவி மனுஷன். புள்ளிக்கோடு தலைக்கு மேலே என்றுதானே இவள் சொன்னாள்? தாமரைப்பூ மாதிரி சீலிங்கில் ஏதோ செய்யப் போகிறார் போல. பாத்ரூமுக்கு எதற்குத் தாமரைப்பூ என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 12

சாரல். வேலை இல்லை. கடைத்தெருவில் இடது கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் ஏழெட்டு அடி நடந்திருக்கிறேன். பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்னாள். வார் லூசாகிவிட்டது. புதுசு வாங்க வேண்டும்.

செப்டம்பர் 16

அவர் வந்துவிட்டார். வந்ததும் வராததுமாகப் பிளானை நடுவீட்டில் விரித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். என் கடை எங்க?"

"கடைய அப்புறம் பாத்துக்கிடலாம்ளா. எத்தன வருசம் இப்படி மாடா ஒழைப்ப? கொஞ்சம் ஓஞ்சி ஒக்காரு."

"நான் கேட்டேனா ஓஞ்சி ஒக்காரணும்னு? எனக்கு என்ன வயசு எண்பதா? நாப்பத்தியாறு!"

அவர் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதர் என் காலைத் தொட்டது, கல்யாணத்தன்று மெட்டி போட்ட ஒரு நாள்தான். ஆவணியில் மிஷினுக்கு மோட்டார் மாட்டித் தந்தார், நான் கேட்கவேயில்லை. சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று தினமும் போனில் கேட்கிறார். நாற்பத்தெட்டு வயதில் ஆண்களுக்கு இப்படி ஒரு பாசம் பொங்கும் போல.

கடையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி லோடு ஏற்றப் போய்விட்டார்.

செப்டம்பர் 22

கண்டுபிடித்துவிட்டேன்!

வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவாக ஒரு பாதை வரைந்திருக்கிறது. அம்புக்குறியோடு. கொத்தனாரைக் கேட்டேன். "வண்டி ஏத்துறதுக்குத் தாயி. அண்ணாச்சி கார் வாங்கப் போறாவள்லா? ஒங்ககிட்டச் சொல்லலியா?" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதுதானே பார்த்தேன்! கடையை எடுத்துவிட்டு அதைக் கார் வைத்துச் சரிக்கட்டப் பார்க்கிறாரா? ஊரெல்லாம் லாரி ஓட்டுகிறவருக்கு வீட்டில் ஒரு கார் வேண்டும் என்று ஆசை இருக்காதா என்ன. சொல்லித் தொலைத்தால் என்ன? கோபமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. வெள்ளைக் கார் என்றால் அழுக்குத் தெரியும். நீலம் வாங்கச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 27

அந்தச் சரிவின் அகலம் தாளில் ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும். நாலடி.

சாந்தா வீட்டுக்காரர் காரை டேப் வைத்து அளந்தேன். "என்னக்கா, காருக்கு உறை தைக்கப் போறியளா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

ஐந்தடி ஐந்து அங்குலம்.

இஞ்சினியர் தப்பாக வரைந்திருப்பாள். சின்னப் பெண்தானே.

அக்டோபர் 6

இன்று பெரிய ரகளை. ஆசாரி தலைவாசல் நிலையைக் காட்டக் கூப்பிட்டிருந்தார். நல்ல வேங்கை மரம், அழகாக இழைத்திருக்கிறார். ஆனால் கீழ்ச்சட்டம் இல்லை! இரண்டு பக்கம், மேலே ஒன்று, கீழே மொட்டை.

"வாசப்படி எங்க ஆசாரியாரே?"

"பிளான்ல இல்லையேம்மா. தரையோட தரையா இருக்கணும்னு ஐயா சொல்லிருக்காங்க."

வாசற்படி இல்லாத வீட்டை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க எங்கே போவது? லட்சுமி எதைத் தாண்டி உள்ளே வருவாள்? அந்நியர் வீடு மாதிரி, ஆஸ்பத்திரி மாதிரி, சறுக்கிக்கொண்டு உள்ளே போகவா?

ஆசாரி அவருக்குப் போன் போடப் போனார். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். "மனை என் பேர்ல இருக்கு. நான் சொல்லுதேன். மூணு அங்குல உயரத்துக்குப் படி வையுங்க."

அதே வேகத்தில் இன்னொன்றும் சொல்லிவிட்டு வந்தேன். கதவுப் பட்டியலில் எல்லாக் கதவும் மூன்றரை அடி. பாத்ரூம் கதவுகூட மூன்றரை அடி! உள்ளே மாட்டைப் பிடித்துக் கட்டவா? இரண்டரை அடிக்குச் செய்யச் சொல்லிவிட்டேன். அந்தத் தெருப்பக்க அறையை எப்படியாவது கடையாக மாற்றாமல் விடமாட்டேன். கடைக்குள் அத்தனை பெரிய பாத்ரூம் கதவு இருந்தால் ஆள் எப்படி வரும்?

சாயங்காலம் ஜெபராணி போனில், "அக்கா, எத வேணாலும் மாத்துங்க, தலைவாசலையும் பாத்ரூம் கதவையும் மட்டும் மாத்தாதீங்க" என்றாள். ஏன் என்றேன். அழுவது மாதிரி குரல் வந்தது. அவள் வீட்டில் யாருக்காவது சுகமில்லையோ என்னவோ. நான் வற்புறுத்தவில்லை.

அக்டோபர் 17

தீபாவளித் துணி குவிய ஆரம்பித்துவிட்டது. முப்பத்தொரு ஜாக்கெட், ஒன்பது சுடிதார். மிஷினுக்குப் பக்கத்தில் கால் வைக்க இடமில்லை. எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அத்தனை துணி.

அக்டோபர் 23

சரஸ்வதி பூஜை. மிஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். கத்தரிக்கோலுக்கும் டேப்புக்கும் பூ. எதற்கும் இருக்கட்டும் என்று பிளானையும் பக்கத்தில் மடித்து வைத்தேன். அவர் போனில், "எனக்காவ ஒண்ணு கேட்டுக்கோ" என்றார். என்ன கேட்க என்றேன். "சும்மா. எல்லாரும் நல்லா இருக்கணும்னு" என்றார். அவர் குரலே சரியில்லை. சோலாப்பூரில் மழையாம்.

அக்டோபர் 27

வெள்ளி. நிலை வைத்தோம்.

முத்தரசி திருநெல்வேலி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். மருந்தாளுநர் படிப்பு கடைசி வருஷம். அவர் வர முடியவில்லை, வண்டி வழியில் பிரேக்டவுன். நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியம் முடிந்த துணியை மேல்சட்டத்தில் கட்டினேன். கொத்தனார் தேங்காய் உடைத்தார். சரிபாதியாக வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

வீட்டுக்காரி முதலில் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போக வேண்டும். வலது காலை வைத்தேன். இடது கால் வரவில்லை. அந்த மூன்று அங்குலப் படியில், நானே சண்டை போட்டு வைக்கச் சொன்ன படியில், விரல் மாட்டிக் குப்புற விழுந்தேன். குங்குமத் தட்டு பறந்து போய்ச் செங்கல்மேல் கொட்டியது.

"புதுப்படில்லா, பழகலை" என்றேன் எல்லாரிடமும். யாரும் சிரிக்கவில்லை. முத்தரசி மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவள்தான் அப்பாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அவர் கத்தினார்.

"அதுக்குத்தான படியே வைக்காதீயன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்! அதுக்குத்தான ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துப் போடச் சொன்னேன்! அவ விழக் கூடாதுன்னுதான…"

அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. "சிக்னல் போயிட்டும்மா" என்றாள் முத்தரசி. போனில் லாரிகள் ஹாரன் அடிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்டோபர் 28

கணுக்கால் வீக்கம். தைக்க உட்கார முடியவில்லை. படுத்துக்கொண்டு பிளானைப் பார்த்தேன். இதுவரை பார்க்காத ஓர் இடம் இருந்தது. வலது கீழ் மூலையில் ஒரு கட்டம். மனைக்காரர் பெயர் என்று என் பெயர். கையெழுத்து என்ற இடத்தில் அவர் கையெழுத்து. அதன் கீழே தேதிகள்.

முதல் வரைபடம்: ஜூன் 11.

திருத்தம்: ஆகஸ்ட் 22.

ஆகஸ்ட் 21 அன்று நாங்கள் மதுரையில் இருந்தோம். கால் மரத்துப் போகிறது என்று போனோம். ஊசி குத்திக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவர் வெளியே வர முக்கால் மணி நேரம். "சத்துக் குறைச்சலாம்ளா. மாத்திரை குடுத்திருக்காரு" என்றார். அங்கேயே கேண்டீனில் எனக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. சர்க்கரை கம்மி என்றார்.

மழை வரும் போலிருக்கிறது. துணியை எடுக்க வேண்டும்.

அக்டோபர் 30

கணுக்காலைப் படம் எடுக்க முத்தரசி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எலும்பு முறியவில்லை.

வராந்தாவில் ஓர் ஆயாம்மா காலியான சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எம்மா, ஒரு நிமிசம்" என்று நிறுத்தினேன். பையிலிருந்து டேப்பை எடுத்தேன். முத்தரசி, "அம்மா, என்ன செய்யிய? வேண்டாம்மா" என்றாள். என் கை சும்மா இருந்தால்தானே?

அகலம், சக்கரத்தோடு சக்கரம்: இருபத்தாறு அங்குலம்.

நான் செய்யச் சொன்ன பாத்ரூம் நிலை முப்பது அங்குலம். இரண்டு பக்கச் சட்டம் போக இருபத்தைந்து. போகாது. போனாலும் சக்கரத்தைத் தள்ளுகிற கைக்கு இடம் வேண்டாமா?

"இத அப்படியே ஒரு சுத்து சுத்துங்களேன்."

ஆயாம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சுற்றினார். முன்னால் கால் வைக்கிற பலகை எங்கே போகிறது, பின்னால் கைப்பிடி எங்கே போகிறது என்று சாக்கட்டியால் தரையில் குறித்தேன். குறித்த இடத்திலிருந்து எதிர்க்குறி வரை டேப்பை நீட்டினேன். தையல் டேப்பின் நீளமே அறுபது அங்குலம்தான். முனையிலிருந்து முனை வரை முழுசாகப் போனது.

ஐந்தடி.

ஆயாம்மாவுக்கு நன்றி சொன்னேன். டேப்பைச் சுருட்டினேன். முத்தரசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் தோள் குலுங்கியது. "வா, பஸ் வந்துரும்" என்றேன்.

அக்டோபர் 31

ஏழு ஜாக்கெட் முடித்தேன். எட்டாவதில் கை தப்பாக வைத்துவிட்டேன். பிரித்தேன்.

நவம்பர் 1

இன்று எதற்கெடுத்தாலும் ஆத்திரம். பால்காரரைத் திட்டினேன். சாந்தாவைத் திட்டினேன். குக்கரைத் திட்டினேன். வீட்டுக்குள்ளேயே நாற்பது தடவை நடந்தேன், அடுப்படியிலிருந்து வாசல் வரை. எண்ணிக்கொண்டுதான் நடந்தேன்.

நவம்பர் 3

அவர் வந்தார். குளிக்க விடவில்லை, சாப்பிட விடவில்லை. பிளானை விரித்து அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தேன்.

"டாக்டரு உங்ககிட்டத் தனியா என்ன சொன்னாரு?"

"சத்துக்…"

"இன்னொரு தடவ சத்துன்னு சொன்னீயன்னா கத்தரிக்கோல எடுத்துருவேன்."

உட்கார்ந்துவிட்டார். ஆறடி மனிதர், பதினாலு சக்கர வண்டியை ஒடித்துத் திருப்புகிறவர், தரையில் உட்கார்ந்து என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். நரம்பில் வருகிற சீக்காம். மருந்து கிடையாதாம். காலில்தான் முதலில். மெதுவாகத்தான் வருமாம், ஐந்து வருஷமோ பத்து வருஷமோ. ஒரு நாள் நடை நின்றுவிடுமாம்.

"கைக்கு?"

"கைக்கு வர ரொம்பக் காலம் ஆவும்னாரு. வராமலே கூட இருக்கலாமாம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

முத்தரசிக்கு. என் தம்பிக்கு. இவருடைய அக்காவுக்கு. இஞ்சினியர் பெண்ணுக்கு. கொத்தனாரிடம் மட்டும் கார் என்று கதை விட்டிருக்கிறார். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, உடம்புக்குச் சொந்தக்காரிக்குச் சொல்லவில்லை. வழக்கம் அப்படித்தானே? என் அப்பாவுக்குப் புற்று என்று டாக்டர் சொன்னபோது நானும்தான் அவரிடம் வயிற்றுப்புண் என்றேன். கடைசி வரை வயிற்றுப்புண் என்றேன். இப்போது நினைத்தால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

"ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? எனக்கு வாய் வரலளா. அதான் வீட்டையாவது சரியாக் கட்டிரணும்னு…"

அழுதார். நானும் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன், சாந்தா வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்: எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "கைக்கு ஒண்ணும் இல்லல்லா? பின்ன எதுக்கு என் கடையைத் தூக்குனீய?"

"ஒன்ன ராணி மாரி ஒக்கார வச்சிப் பாத்துக்கிடணும்னு நெனச்சேன்."

"ராணியத் தெருப் பாக்காத ரூமுக்குள்ளயா ஒக்கார வைப்பாவ? ஜன்னலக்கூடப் பின்பக்கமால்லா போட்டிருக்கீய. நான் பிளானப் பாத்துட்டேன். கட்டிலு, பாத்ரூமு, ஒரு வட்டம். அதுக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கணுமா நான்?"

இந்த இரண்டு மாதத்தில் அவருக்கு இது தோன்றவேயில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. விழாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வரைந்திருக்கிறார். இருக்கிற நேரம் முழுக்க நான் என்ன செய்வேன் என்பதை வரையவில்லை.

நவம்பர் 5

காலையில் அவர், முத்தரசி, நான் என்று மூன்று பேருமாகச் சைட்டுக்குப் போனோம். புதன்கிழமை கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் காங்கிரீட். அது போட்டுவிட்டால் கதவின் அகலம் நின்றது நின்றதுதான்.

பரமசிவன் கொத்தனாரைக் கூப்பிட்டு நானே சொன்னேன். "அண்ணாச்சி, கார் கெடையாது. எனக்குக் கால் போகப் போவுது. வீல்சேர் வரும். அந்தப் பாத்ரூம் நிலையைக் கழத்துங்க, மூணரை அடியே வையுங்க." முதல் தடவை வாயால் சொன்னேன். சொன்ன பிறகும் வானம் அப்படியேதான் இருந்தது, மேஸ்திரி ஒருத்தர் பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொத்தனார் ரொம்ப நேரம் கரண்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "இத மொதல்லயே சொல்லிருந்தா சரிவ இன்னும் நீட்டி இழுத்திருப்பேம்லா தாயி. கார்னு நெனச்சில்லா குத்தா வச்சேன். கையால தள்ளுத வண்டி இதுல ஏறாது" என்றார். பொய் சொன்னால் சரிவுகூடத் தப்பாகிவிடும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் சரி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவாசல் படியையும் எடுக்க வேண்டும். பூஜை போட்டு வைத்த நிலை. ஆசாரிக்குக் கை வரவில்லை. மஞ்சளை எங்கே பூசுவது? கொத்தனார்தான் வழி சொன்னார்: கருங்கல்லில் ஒரு பட்டை, தரையோடு தரையாக, நிலைக்கு நேர் கீழே. "கல்லுக்கு மேல மஞ்சப் பூசுங்க. லட்சுமி என்ன, தடுக்கி விழுந்துதான் உள்ள வரணுமா?"

நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

நவம்பர் 6

தீபாவளிக்கு ஆறு நாள். பதினாறு ஜாக்கெட் பாக்கி. இருந்தாலும் ஜெபராணியை வரச் சொன்னேன், பிளானோடு.

வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கக்கா. அண்ணன் சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள். "மன்னிக்கது இருக்கட்டும், பென்சிலக் குடு" என்றேன்.

ஹால் பதினாறுக்குப் பதினெட்டு. யார் வந்து நடனமாடப் போகிறார்கள் அத்தனை பெரிய ஹாலில்? தெருப்பக்க மூலையில் டேப்பை வைத்துப் பத்துக்குப் பத்து வெட்டினேன். தெருவைப் பார்த்து ஷட்டர், கீழே படி கிடையாது, சரிவு நேராக அங்கே வந்து ஏறும். வருகிறவர்களும் அதில் வரட்டும், நானும் அதில் வருவேன். ஹாலுக்குள் போக மூன்றரை அடிக் கதவு. மேசைக்கு அடியில் முட்டி நுழைய இடம். சுவிட்சு எல்லாம் இடுப்பு உயரம். படுக்கையறை ஜன்னலையும் தெருப்பக்கம் திருப்பிவிட்டேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டுறது எப்படிளா? மோட்டாருக்கும் கால்லதான அமுக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார். கையால் அமுக்குகிற சுவிட்சு வைத்த மிஷினும், முழங்கையால் தள்ளி ஓட்டுகிறதும் வந்திருக்கின்றன என்று முத்தரசி போனில் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். அதைக் காட்டினேன். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நாக்பூர்ல கெடைக்குதான்னு கேக்கேன்" என்றார்.

மிஷின் இங்கே, கட்டிங் டேபிள் இங்கே, துணி அலமாரி இங்கே என்று கட்டம் போட்டேன். அப்புறம் பட்டன் டப்பாவைத் திறந்து ஒரு கோட்டுப் பட்டனை எடுத்தேன். ஒன்றரை சென்டிமீட்டர். மிஷினும் டேபிளும் அலமாரியும் போகக் கடையில் மிச்சமிருந்த இடத்தில் அதை வைத்தேன்.

"கடைக்குள்ளயும் வட்டமாக்கா?"

"பின்ன? மிஷின்ல இருந்து டேபிளுக்குத் திரும்ப வேண்டாமா நான்?"

பட்டனைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினேன். முக்கால்வாசி வந்ததும் ஹாலுக்கும் கடைக்கும் நடுவே நான் போட்ட சுவரில் பென்சில் முட்டி நின்றுவிட்டது. இடம் போதவில்லை. அவரும் முத்தரசியும் ஜெபராணியும் என்னையே பார்த்தார்கள்.

ரப்பரை எடுத்துச் சுவரை அழித்தேன். அரையடி தள்ளிப் போட்டேன். வட்டத்தை முடித்தேன்.

கீழ் மூலையில், இரண்டாம் திருத்தம், நவம்பர் 6 என்று ஜெபராணி எழுதினாள். கையெழுத்து என்ற இடத்தில் அவர் பேனாவை என்னிடம் நீட்டினார்.